மிஷின் ரூமில் ஒளிந்த ஒற்றர்

இந்த முறை மனைவியிடம் மாட்டுவதே இல்லை என்று லிஃப்ட்டுக்காரர் சபதம் எடுத்துவிட்டார்.

லிஃப்ட் பழுது பார்ப்பது அவர் தொழில். உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் அவரைக் கடவுள் மாதிரி கூப்பிடுவார்கள். வெளியே வந்ததும் முகத்தைக்கூடப் பார்க்காமல் நடையைக் கட்டுவார்கள். அதனால்தானோ என்னவோ, உளவு நாவல் என்றால் மனிதருக்கு உயிர். அதிலும் கம்ப்யூட்டர் போர் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். அவரைப் போலவே தொப்பை போட்ட ஒரு ஆள், நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் நாலு பொத்தானைத் தட்டுவான். நடுக்கடலில் எதிரியின் போர்க்கப்பல் சொன்ன பேச்சு கேட்காமல் வட்டமடிக்கும். இந்த வீரம் தன் உடம்புக்கும் ஒத்துவரும் என்று அவர் மனதார நம்பினார்.

வீட்டிலும் போர்க்கால நடவடிக்கைதான். லேப்டாப் கேமராவுக்குப் பிளாஸ்திரி ஒட்டினார். வைஃபைக்கு யாராலும் உடைக்க முடியாத பாஸ்வேர்டு போட்டார். அதை அவரே மறந்துவிட, மனைவிதான் யூகித்துத் திறந்து கொடுத்தாள்.

இப்போது கையில் இருந்தது தலையணை சைஸ் நாவல். நாடு முழுக்கக் கரண்ட் போய்விட்டது. ராணுவத்தின் கம்ப்யூட்டர் பிரிவுக்குள்ளேயே ஒரு துரோகி. யார் அவன்? ஒரு வாரமாகச் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தும் இதையே கேட்டுக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்சம் பக்கம்தான் பாக்கி. அந்த நேரம் பார்த்து மைத்துனன் வீடு மாறுகிறான்! அவனிடம் ஒரு தேக்கு அலமாரி உண்டு. அது எந்த லிஃப்ட்டிலும் நுழையாது. நாலு மாடியும் படிதான். லிஃப்ட்டையே கட்டிக்கொண்டு மாரடிப்பவருக்கு இப்படி ஒரு தலையெழுத்து!

சனிக்கிழமை காலையில் நடவடிக்கை தொடங்கியது.

"ஆஸ்பத்திரி லிஃப்ட்டுல ஆள் மாட்டிக்கிச்சாம். ஆபீஸ்ல உடனே கூப்பிடுறாங்க."

"போன் அடிக்கவே இல்லையே?"

"வைப்ரேஷன்ல இருந்துச்சு."

"ஐயோ பாவம். சீக்கிரம் போங்க."

இவ்வளவு சுலபமா! சட்டைக்குள் நாவலைச் செருகிக்கொண்டு வாசலைத் தாண்டினார். கீழே இறங்கவில்லை, மேலே ஏறினார். அந்தக் குடியிருப்பின் லிஃப்ட் பராமரிப்பும் அவர் பொறுப்புதான் என்பதால், மொட்டைமாடி மிஷின் ரூம் சாவி அவரிடமே இருந்தது. உள்ளே போனதும், நாவலில் வரும் ஒற்றர்கள் முதலில் செய்வதைத் தானும் செய்தார். போனை அணைத்தார். எண்ணெய் டப்பாவில் சாய்ந்து உட்கார்ந்து நாவலைத் திறந்தார். கர்னல் எல்லோரையும் ஒரே அறையில் கூட்டிவிட்டார். கையை நீட்டுகிறார். "துரோகி..."

கதவு திறந்தது.

"ஆஸ்பத்திரியை இங்கதான் கட்டியிருக்காங்களா?" என்றாள் மனைவி.

லிஃப்ட்டுக்காரர் நாவலை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். "எப்படிக் கண்டுபிடிச்சே? போனைக்கூட அணைச்சு வெச்சிருந்தேனே!"

"அதனாலதாங்க மாட்டினீங்க. உள்ள ஆள் தவிச்சுக்கிட்டு இருக்கும்போது போனை அணைச்சு வெக்கிற மெக்கானிக்கையா நான் கட்டிக்கிட்டேன்? எட்டிப் பார்த்தேன், வண்டி கீழயே நிக்குது. அப்புறம் நீங்க வேற எங்க போவீங்க? வாங்க, தம்பி காத்துக்கிட்டிருக்கான்."

"இன்னும் கொஞ்சம்தான்மா. துரோகி யாருன்னு தெரிஞ்சதும் வந்துடறேன்."

"அதுதானே? நானே சொல்லிடறேன்."

லிஃப்ட்டுக்காரர் நாவலைப் பட்டென்று மூடினார். "நீ... படிச்சிட்டியா?"

"நீங்க குளிக்கப் போனா லேசுல வர்றீங்களா?"

"சும்மா மிரட்டாதே. அவன் ஆம்பளையா, பொம்பளையா? அதை மட்டும் சொல்லு பார்ப்போம்."

"தாராளமா. ஆனா அதைச் சொன்னாலே சந்தேக லிஸ்ட்டுல பாதிப் பேரு கழிஞ்சிடுவாங்க. பரவாயில்லையா? அந்த..."

"வேண்டாம்! வேண்டாம்மா!" இரண்டு காதையும் பொத்திக்கொண்டே படி இறங்கினார்.

அன்று அலமாரி நாலு மாடி ஏறியது. இரண்டாவது மாடியில் மூச்சு வாங்க நின்றபோது, மனைவி கீழே இருந்து "அந்தத் துரோகி இருக்கானே..." என்று இழுத்தாள். மிச்ச மாடிகளில் அலமாரி பறந்தது. கட்டில், வாஷிங் மெஷின் எல்லாம் அதே வேகத்தில் போய்ச் சேர்ந்தன. மைத்துனன் வாயைப் பிளந்து நின்றான்.

சாயங்காலம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீட்டு சோபாவில் விழுந்தவர், ஒரே மூச்சில் கடைசிப் பக்கம் வரை படித்து முடித்தார். உடம்பெல்லாம் சிலிர்த்தது. இப்படி ஒரு ரகசியத்தை மனதில் வைத்துக்கொண்டு நாள் முழுக்கக் காப்பாற்றினாளே! மனைவி மேல் அவருக்குப் பாசம் பொங்கியது.

"உன்னை மாதிரி ஆளுங்கதான் உளவுத்துறைக்கு வேணும்மா!" என்று நெகிழ்ந்தார். "அந்த மொழிபெயர்ப்பாளன்தான் துரோகின்னு தெரிஞ்சும் கடைசி வரைக்கும் மூச்சு விடலையே நீ!"

துணி மடித்துக்கொண்டிருந்தவள் வெடுக்கென்று நிமிர்ந்தாள்.

"என்னங்க நீங்க, பொசுக்குன்னு சொல்லிட்டீங்க! நான் இன்னிக்குத்தான் படிக்க ஆரம்பிக்கலாம்னு இருந்தேன்!"