செவக்காட்டில் கரிசல் அளவு

ஒரு வேலையை முதல் தடவையே சரியாகச் செய்துவிட்டவனை நம்பி, அதே வேலையை இரண்டாம் தடவை கொடுக்கக் கூடாது. என்னிடம் கொடுத்தார்கள்.

ஆமத்தூரில் எங்கள் மக்காச்சோளக் காட்டுக்குக் களைக்கொல்லி அடித்திருந்தேன். ஒரு புல் முளைக்கவில்லை. கரிசல் மண்ணுக்கும் அதில் பங்குண்டு என்பது அப்போது எனக்குத் தெரியாது. (பெருமை மொத்தத்தையும் நானே எடுத்துக்கொண்டேன்.)

கல்யாணமாகி மூன்று மாதம். மனைவியின் அண்ணன் முருகேசன் சொல்லித்தான் விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் ஃபோர்மேன் வேலை கிடைத்திருந்தது. ஆய்வுக்கு அதிகாரிகள் வருகிறார்கள், ஷெட்டைச் சுற்றிப் புல் இருக்கக் கூடாது என்றார் முதலாளி. ஆமத்தூர் அளவையே கலக்கி அடித்தேன். (ஒரு மூடி கூடுதலாக.)

கம்பெனி இருந்தது சரளை கலந்த செவல், அதாவது செம்மண் மேட்டில். சாயங்காலமே மழை கொட்டியது. மேட்டுக்குக் கீழே மச்சானின் கத்தரித் தோட்டம்.

பத்தாம் நாள் காலையில் மச்சான் கூப்பிட்டுவிட்டார். செடியெல்லாம் மஞ்சளாகி, இலை ஓரம் கருகி நின்றது.

“மாப்ள, மேட்டுல என்னத்த அடிச்சீக?”

சொன்னேன்.

“எம்புட்டு?”

அதையும் சொன்னேன்.

“கரிசலு மருந்தக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு, கொஞ்சங் கொஞ்சமாத்தான் விடும். செவலுக்கு ஏது அந்தப் பிடி? மழை பெஞ்சா கழுவி விட்டுரும். அங்கன அளவக் கொறைக்கணும்ல?”

உடனே முதலாளிக்கு போன் போட்டேன்.

“மொதலாளி, மருந்து மழைத் தண்ணியில கலந்து மச்சான் தோட்டத்துக்குப் போயிருச்சு!”

எங்கள் பக்கம் மருந்து என்றால் வெடிமருந்து. ஃபோர்மேனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். நான் மேடேறியபோது வேலையாட்கள் எல்லாரும் ரோட்டில் நின்றார்கள். முதலாளி மணல் வாளியோடு நின்றார். விஷயத்தைச் சொன்னதும் வாளியைக் கீழே வைத்தார். திட்டவில்லை. ஷெட்டைச் சுற்றிப் பார்த்தார். மழைக்குப் புல் கணுக்கால் உயரம் செழித்திருந்தது.

“இதுக்கு அடிச்ச மருந்தா?” என்றார்.

இரண்டு நாள் குனிந்து கையாலேயே பிடுங்கினேன். ஆய்வு நல்லபடியாக முடிந்தது. கத்தரி பிழைக்கவில்லை. மனைவி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. என்னைத் திட்டாமல் விட்டதற்காக அண்ணனோடும் பேசவில்லை.

வருஷம் பல ஆகிவிட்டது. இன்றும் மச்சான் வீட்டு விருந்தில் எல்லாருக்கும் குழம்பு ஊற்றிக்கொண்டே வருவார் அவர் மனைவி. என் இலைக்கு வந்ததும் கரண்டி நிற்கும்.

“அண்ணே, ஒங்க வயிறு கரிசலா, செவலா?”

செவல் என்றால் அரைக் கரண்டிதான். பசியோடு போகிற நாளில் கரிசல் என்று சொல்லிவிடுவேன்.