கல் வைக்காத வாசல்

அதே சைக்கிள், அதே சாலை, அதே ஆள். தை மாதத்தில் இருபத்து நாலு நிமிடம். பங்குனியில் முப்பத்தொன்று.

பொன்னுவேல் டைரியை மூடிவிட்டு மறுபடி திறந்து பார்த்தார். எண் மாறவில்லை.

கொடைக்கானலுக்கு வந்திராதவர்களுக்கு ஒன்று சொல்லிவிட வேண்டும். ஊர் ஒரு கிண்ணம் மாதிரி. அடியில் ஏரி, சுற்றிலும் விளிம்பில் வீடுகள். பொன்னுவேலுக்கு ஏரிக்கரை விடுதி ஒன்றில் வேலை. அறுபது அறைகளுக்கு வெந்நீர் கொடுக்கிற கொதிகலனை அவர்தான் பார்த்துக்கொள்கிறார். வீடு மேலே நாயுடுபுரத்தில். அதனால் காலையில் இறக்கம், சாயங்காலம் ஏற்றம். டைரியில் அவர் குறிப்பது ஏற்றத்தின் நிமிடத்தை. மழை பெய்தாலும், மூடுபனியில் முன்சக்கரமே தெரியாவிட்டாலும் அவருக்கு சைக்கிள்தான்.

ஆசைக்கு ஓட்டவில்லை. அவருடைய அப்பா நாற்பத்தாறு வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை. அண்ணன் அதே நாற்பத்தாறில் பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் சாய்ந்தார். வருகிற ஆவணியில் பொன்னுவேலுக்கு நாற்பத்தாறு. மூன்று வருடத்துக்கு முன்பே திண்டுக்கல் டாக்டர் ஒருவர் சொல்லியிருந்தார்:

"தெனமும் சைக்கிள் ஓட்டுங்க. ஒரே ரோட்டுல எத்தன நிமிசம் ஆகுதுன்னு குறிச்சு வச்சுக்கங்க. நிமிசம் கூடிக்கிட்டே போச்சுன்னா ஒடனே கெளம்பி வந்துருங்க."

நிமிடம் கூடிக்கொண்டே போனது. பொன்னுவேல் கிளம்பவில்லை. போனால் டாக்டர் அதற்கு ஒரு பெயர் வைத்துவிடுவார். பெயர் வைக்காதவரை அது வெறும் நிமிடம்தானே.

முதலில் அவர் சைக்கிளைத்தான் சந்தேகப்பட்டார். சங்கிலிக்கு எண்ணெய் விட்டார். இரண்டு சக்கரத்துக்கும் கல் மாதிரி காற்று அடித்தார். பிரேக் விரல் பட்டாலே பிடித்தது. மூடுபனி நாட்களில் கொஞ்சம் கீச்சிட்டது. ஈரத்தில் எல்லா சைக்கிளும் கீச்சிடும். ஆக, சைக்கிளில் குறையில்லை.

மிச்சம் இருந்தது ஆள்.

கொதிகலன்காரருக்கு அதற்கு மேல் யாரும் விளக்க வேண்டியதில்லை. புதுக் கொதிகலனில் இருபது நிமிடத்தில் கொதிக்கிற தண்ணீர், சில வருடம் கழித்து முப்பது நிமிடம் எடுக்கும். அதே விறகுதான், அதே தண்ணீர்தான். ஆனால் குழாய்க்குள் உப்பு படிந்து படிந்து, நெருப்பின் சூடு தண்ணீருக்குப் போய்ச் சேராது. வெளியிலிருந்து பார்த்தால் துடைத்துவைத்த மாதிரி பளபளவென்று இருக்கும். ஒருநாள் விரிசல் விட்ட பிறகுதான் எல்லாரும் ஓடி வருவார்கள்.

பொன்னுவேல் தன் நெஞ்சை விரலால் தட்டிப் பார்த்தார். உப்பு படிந்த குழாயைத் தட்டினால் வருகிற அதே மந்தமான சத்தம் வந்த மாதிரி இருந்தது.

அடைத்த குழாயை மாற்ற முடியாதபோது கொதிகலன்காரர்கள் பாரத்தைக் குறைப்பார்கள்.

"ஏ ஜோதி, வீடு மாத்தலாமா?"

மனைவி ஜோதிமணி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இந்த வீட்டுக்கு என்ன வந்துச்சு? போன மாசந்தான ஒழுகுறத அடைச்சோம்?"

"தூரமா இருக்கு."

"மூணு வருசமா இதே தூரத்துலதான கெடக்கு? இப்பத்தான் நீண்டுச்சாக்கும்?"

காரணத்தைச் சொன்னால் இவள் உடைந்துவிடுவாள். ஏற்கெனவே ஒரே தம்பியை மலைச்சாலைக்குக் கொடுத்தவள் அவள். இறக்கத்தில் அவன் ஓட்டிப் போன சரக்கு வண்டி வளைவில் நிற்காமல் பள்ளத்தில் பாய்ந்தது. அந்தப் பள்ளத்திலிருந்து அவனை ஏற்றிக்கொண்டு வர ஒரு பகல் ஆயிற்று. அதிலிருந்து சாலை கீழ்நோக்கிச் சாய்ந்தாலே அவளுக்கு வாய் உலர்ந்துவிடும். தை மாதத்தில் பனியில் வழுக்கி பொன்னுவேல் முட்டியைத் தேய்த்துக்கொண்டு வந்தபோது, மருந்து போட்டுக்கொண்டே தம்பியைச் சொல்லி அழுதாள்.

"சரி, மாத்துங்க," என்றாள் ஜோதிமணி. "இப்பல்லாம் நிதானமாத்தான் வர்றீங்க. அத மட்டும் மாத்திக்கிறாதீங்க. பாக்க மனசுக்கு ஆறுதலா இருக்கு."

இவள்கூடக் கவனித்துவிட்டாளே என்று பொன்னுவேல் அன்றைக்கே வீடு தேடக் கிளம்பினார்.

சித்திரையில் ஆனந்தகிரிக்குப் போனார்கள். விடுதிக்கும் வீட்டுக்கும் பாதித் தூரம்தான். தூரம் பாதியானால் பாடும் பாதியாகும் என்பது பொன்னுவேலின் கணக்கு. அங்கேதான் தப்பு. கிண்ணத்தின் அடியிலிருந்து விளிம்புக்கு உயரம் மாறுவதில்லை. பாதித் தூரத்தில் அதே உயரம் என்றால், சாலை இரண்டு மடங்கு நிமிர்ந்து நிற்கிறது என்று அர்த்தம்.

ஜோதிமணி தெருமுனையில் நின்று கீழே பார்த்தாள்.

"இது ரோடா, கெணறா?"

புது வீட்டின் சொந்தக்காரி தேவசேனா சமாதானம் சொன்னாள். "பழகிரும்மா. மொத மாசம் மொழங்காலு வலிக்கும். அப்பறம் மரத்துப்போயிரும், வலியே தெரியாது."

"இதுல இவரு சைக்கிள்ல எறங்கணுமா?"

"ஏன், எறங்குறது சுலுவுதானம்மா. ஏறுறதுதான் கஷ்டம்."

அடுத்த நாள் காலை காப்பி கொடுக்கும்போது ஜோதிமணியின் கட்டைவிரலில் கரி அப்பியிருந்தது. புது வீட்டு அடுப்படி என்று பொன்னுவேல் நினைத்துக்கொண்டார்.

முதல் நாள் ஏற்றம் பதினாறு நிமிடம். ஒரு மாதம் கழித்து இருபத்து மூன்று.

ஆனால் அந்த வீட்டில் ஓர் அதிசயம் நடந்தது. கொடைக்கானலில் எந்த வண்டியை நிறுத்தினாலும் சக்கரத்துக்கு ஒரு கல் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் வண்டி உரிமையாளருக்கு முன்பே ஏரிக்குப் போய்விடும். ஒரு சாயங்காலம் மூச்சு வாங்கியதில் பொன்னுவேல் கல் வைக்க மறந்துவிட்டார். காலையில் பார்த்தால் சுவரில் சாய்த்த சைக்கிள் சாய்த்த இடத்திலேயே நின்றது.

அவர் குனிந்து தரையைப் பார்த்தார். பார்வைக்குச் சரிவாகத்தான் இருந்தது. ஆனால் சைக்கிள் உருளவில்லை. உருளவில்லையென்றால் சமதளம். கொத்தனார் ரசமட்டம் வைத்துப் பார்ப்பதும் இதே விஷயம்தான். அதில் குமிழ் நகர்கிறதா என்று பார்க்கிறார்கள், இதில் சக்கரம்.

கண் ஏமாற்றும். சக்கரம் ஏமாற்றாது என்று அவர் முடிவு செய்தார்.

அடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீடு பார்த்தார். ஒவ்வொரு வாசலிலும் சைக்கிளை நிமிர்த்தி, விழாத அளவுக்கு சீட்டில் ஒரு விரல் மட்டும் வைத்துக்கொண்டு, உருளுகிறதா என்று பார்த்தார். எங்குமே உருளவில்லை. இந்த ஊரில் இவ்வளவு சமதளம் இருப்பது இத்தனை வருடமாகத் தனக்குத் தெரியாமல் போயிற்றே என்று அவருக்கு வருத்தமாகக்கூட இருந்தது.

வட்டக்கானலில் சோலைமலை என்பவர் வீட்டு வாசலில் அதே சோதனை நடந்தது.

"என்ன சார் பண்றீங்க?"

"வாசல் மட்டம் பாக்குறேன். அருமையான சமதளம்."

சோலைமலை வாசலையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "சார், இந்த வாசல்ல ஒரு உருளக்கெழங்கு மூட்ட அவுந்துச்சுன்னா, பொறுக்குறதுக்குக் கீழ டால்பின் நோஸ் பாறை வரைக்கும் போகணும்."

"அது கண்ணுக்கு அப்படித் தெரியும். சைக்கிளப் பாருங்க, நிக்குதா இல்லையா?"

நின்றது. சோலைமலை சாவியை எடுத்து நீட்டினார். வாசலைப் புகழ்கிற வாடகைக்காரரை எதற்கு மறுத்துப் பேச வேண்டும்?

இங்கே குடிவந்ததற்குப் பொன்னுவேல் இன்னொரு காரணமும் வைத்திருந்தார். வட்டக்கானல் ஊருக்குக் கீழே இருக்கிறது. ஆகவே காலையில், உடம்பு புதிதாக இருக்கும்போது ஏற்றம். சாயங்காலம் ஓய்ந்த உடம்புக்கு இறக்கம். கேட்க நன்றாக இருந்தது. ஆனால் வட்டக்கானல் கிண்ணத்துக்கு வெளியே, மறுபக்கத்தில் இருக்கிறது. வெளியே குடியிருப்பவன் உள்ளே போவதற்கும் விளிம்பில் ஏற வேண்டும், உள்ளேயிருந்து வீட்டுக்குத் திரும்புவதற்கும் விளிம்பில் ஏற வேண்டும். இப்போது அவருக்கு ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு இறக்கம்.

இறக்கம் இரண்டானதும் ஜோதிமணிக்கு உறக்கம் போயிற்று. மூடுபனி இறங்கினால் ஐந்தடிக்கு மேல் தெரியாது. அதற்குள்ளிருந்து காட்டுமாடு ஒன்று சுவர் மாதிரி எழுந்து நிற்கும். அவள் தினமும் சாலை ஓரத்தில் வந்து நின்று அவர் மறைகிற வரை பார்த்தாள். கட்டைவிரல் கரி போகவே இல்லை.

ஆனியில் காலைப் பயணம் ஐம்பத்தொரு நிமிடம். ஆடி நடுவில் எழுபத்தெட்டு.

அவர் வந்து சேரும்வரை வெந்நீர் இல்லாமல் விடுதியில் விருந்தாளிகள் சோப்பு நுரையோடு கதவைத் திறந்து கத்தினார்கள். மேனேஜர் கூப்பிட்டார்.

"பொன்னுவேல், ஹாட் வாட்டர் வர லேட் ஆகுது. ரூம் முழுக்க கம்ப்ளெயின்ட். என்ன பிராப்ளம்?"

"குழாயில உப்பு படிஞ்சிருச்சு சார்."

"அப்ப மாத்திருங்க."

"இது மாத்துற குழாய் இல்ல சார்," என்றார் பொன்னுவேல். மேனேஜருக்குப் புரியவில்லை.

ஆடி கடைசி வெள்ளி. ஆவணி பிறக்க நாலு நாள். காலை மேட்டில் காட்டுமாடு இரண்டு வழியை அடைத்துக்கொண்டு நின்றன. பொன்னுவேல் இறங்கி, ஓரமாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவற்றைத் தாண்டினார். தள்ளுவதற்கே மூச்சு முட்டியது. மேட்டு உச்சியில் ஒரு கல்லில் உட்கார்ந்தார். காதுக்குள் இதயம் சம்மட்டி மாதிரி அடித்தது. மாடுகள் அவரைப் பார்த்தன, பிறகு ஆர்வம் இல்லாமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டன.

அங்கேயே டைரியில், நிமிடம் எழுத வேண்டிய இடத்தில், மனைவிக்கு எழுதினார்.

"ஜோதி, கேஸ் புத்தகம் அரிசி டின்னுக்குக் கீழே. சுடுதண்ணி ஹீட்டரில் சிவப்பு லைட் அணைந்த பிறகு குழாயைத் திற, முன்னாடி திறக்காதே. நீ பழனிக்கு உன் பிறந்த வீட்டுக்கே போய்விடு. பதினாறாம் நாள் காரியத்தை வட்டக்கானலில் வைக்க வேண்டாம். வருகிறவர்களால் ஏற முடியாது."

எழுதி முடித்ததும் மனசு லேசாயிற்று. ஒன்று மட்டும் பாக்கி. தான் போன பிறகு இந்த சைக்கிள் வாசலில் நின்றால் அவள் தினமும் அதைப் பார்த்துப் பார்த்து அழுவாள்.

ஏரிக்கரையில் வாடகை சைக்கிள் கடை வைத்திருக்கிற விசாலாட்சியிடம் கொண்டுபோய் நிறுத்தினார்.

"இத நீ வச்சுக்கம்மா."

"ஏண்ணே, புது சைக்கிள் வாங்கிட்டீங்களா?"

"இனிமே தேவப்படாது. ஒடம்பு சரியில்ல." அவர் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். "நெஞ்சு. குடும்ப வியாதி. தையில இருந்து தெம்பு கொறஞ்சுக்கிட்டே வருது. எல்லாம் எழுதி வச்சிருக்கேன்."

விசாலாட்சி, கடைக்கு வருகிற எந்த சைக்கிளுக்கும் செய்கிற வேலையைச் செய்தாள்: சீட்டைப் பிடித்துப் பின்சக்கரத்தைத் தூக்கி, கையால் ஒரு சுற்று சுற்றிவிட்டாள்.

சக்கரம் சுற்றவில்லை. கால் சுற்று போய் 'க்ரீச்' என்று நின்றது.

முன்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினாள். அதுவும் நின்றது.

"அண்ணே, ரெண்டு பிரேக்கும் ரிம்மக் கவ்விக்கிட்டு நிக்குது."

"அது... தொட்ட ஒடனே புடிக்கும்மா. நல்ல பிரேக்."

"தொடாமலேயே புடிச்சிருக்குண்ணே. இத ஓட்டிக்கிட்டா வட்டக்கானல்ல இருந்து வந்தீங்க?"

"தெனமும்."

"போகவும் வரவுமா?"

பொன்னுவேல் தலையாட்டினார். விசாலாட்சி அவரை மேலிருந்து கீழாக, முதன்முதலாகப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"பிரேக்கப் புடிச்ச சைக்கிள அந்த மேட்டுல ஏத்தியிருக்கீங்க, இன்னும் நின்னு பேசிக்கிட்டு இருக்கீங்க. ஒங்களுக்கா நெஞ்சு சரியில்ல? அது நெஞ்சா, பாறையா?"

பொன்னுவேல் கடை பெஞ்சில் உட்கார்ந்தார். இருபத்து நாலு, முப்பத்தொன்று, பதினாறு, இருபத்து மூன்று, ஐம்பத்தொன்று, எழுபத்தெட்டு என்று எண்கள் எல்லாம் வரிசையாக வந்து தலையில் உட்கார்ந்தன. சோலைமலை வாசலும் வந்தது. உருளைக்கிழங்கும் வந்தது. அவர் நெஞ்சைத் தட்டிப் பார்த்தார். சத்தம் கணீரென்று இருந்தது.

"ஏம்மா, பிரேக்கு தானா இறுகுமா?"

"தானா தளரும்ணே. தானா எப்படி இறுகும்? யாராச்சும் கையால திருகினாத்தான்."

"யாரு திருகுனது? என்னத் தவிர இத யாரும் தொடுறதில்லையே!"

விசாலாட்சி ஹேண்டிலில் பிரேக் கம்பி நுழைகிற இடத்தில் இருந்த குட்டித் திருகைக் கரி அப்பிய கட்டைவிரலால் பிடித்துக்கொண்டே, கொஞ்சம் தயங்கிச் சொன்னாள்:

"தையில நீங்க முட்டியத் தேச்சுக்கிட்டு வந்த மறுநாளு ஒங்க வீட்டம்மா ஓடி வந்து, எறக்கத்துல இவரு வேகமாப் போகாம இருக்க ஒரு வழி சொல்லுன்னு அழுதாங்கண்ணே, இந்தத் திருக வெளிய திருப்புனா இறுகும்னு காட்டுனேன், உள்ள மூணு சுத்து திருப்புனாத் தளந்துரும்னு சொல்றதுக்குள்ள கெளம்பிப் போயிட்டாங்க."