மிச்சம் பதினோரு கிலோமீட்டர்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரின் பின்சக்கரத்தில் காற்று இறங்கமாட்டேன் என்று அடம்பிடித்தது. வால்வை அழுத்தி அழுத்தி அவருக்குக் கட்டைவிரல் சிவந்ததுதான் மிச்சம்.

பன்னிரண்டு நாள் சைக்கிள் பயணத்தில் இன்னும் பதினோரு கிலோமீட்டர்தான் பாக்கி. அதையும் மிதித்துவிட்டால் நான்கு பேரும் அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். இவர் வீட்டில் பூட்டைத் திறந்தால் 'வா' என்று சொல்ல ஒரு சுவர்க்கடிகாரம் உண்டு. அதுவும் நின்று மூன்று மாதமாகிறது.

பயணம் முழுக்க இவர்தான் கடைசி. ஒவ்வொரு திருப்பத்திலும் மற்ற மூவரும் ஒற்றைக்காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, இவர் வரும் வழியையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். தனக்காகவும் ஆட்கள் காத்து நிற்பார்கள் என்பதே ஐம்பத்தெட்டு வயதில்தான் அவருக்குத் தெரிந்தது. அதைச் சட்டென்று விட மனசு வருமா, சொல்லுங்கள்.

ஒருவழியாகப் புஸ்ஸென்று காற்று போனது.

"என்ன சார், வண்டி உக்காந்துடுச்சா?" என்று திரும்பி வந்தார் கண்டக்டர். பஸ்ஸை விட்டு ரிட்டயர் ஆகியும் விசிலை விடாதவர். கூட்டத்துக்கு இருந்த ஒரே பம்பை எடுத்து இரண்டே நிமிடத்தில் அடித்து முடித்தார். "ரைட், போலாம்."

ஒரு கிலோமீட்டர் போனதும் கண்ணாடிக்காரர், மூக்குக்கண்ணாடி முடுக்கும் குட்டி ஸ்குரூ டிரைவரால் டயரில் ஒரு குத்துக் குத்தினார்.

இந்த முறை பல் டாக்டரம்மா உட்கார்ந்தார். ட்யூபை உருவி, ஓட்டையைத் தேய்த்துச் சுத்தம் செய்து, ஒட்டுப் போட்டு, "ஒரு மணி நேரத்துக்கு எதையும் கடிக்காதீங்க" என்றார் சக்கரத்திடம்.

பார்த்தார் கண்ணாடிக்காரர். ஒட்டுக் காய்வதற்குள் பம்பைப் புதருக்குள் தள்ளிவிட்டார்.

தேடல் ஆரம்பமாயிற்று. டாக்டரம்மா ஒரே பையை மூன்று தடவை திறந்து பார்த்தார். பெயின்டர் ஒரு நாளைக்கு ஒரு வார்த்தைக்கு மேல் பேசாதவர். அன்றைய வார்த்தையை "காணோம்" என்று செலவழித்துவிட்டார்.

அப்பாடா என்று கண்ணாடிக்காரர் மூச்சு விடுவதற்குள் காலி வேன் ஒன்று வந்து நின்றது.

"பஞ்சரா? நாலு சைக்கிளையும் ஏத்துங்க. பத்து நிமிஷத்துல வீட்டு வாசல்ல எறக்கி விட்டுடறேன்" என்றான் டிரைவர்.



"நல்லதாப் போச்சு" என்றார் கண்டக்டர், சுரத்தே இல்லாமல்.

"ஆமா, எனக்கும் ஏகப்பட்ட வேலை கெடக்கு" என்றார் டாக்டரம்மா, நகத்தைப் பார்த்தபடி.

சைக்கிள்கள் ஏறின. முகம் கழுவ, தண்ணீர் பிடிக்க என்று ஆளுக்கொரு பக்கம் நகர்ந்தார்கள். இவர் மட்டும் புதரையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பம்பை எடுத்து நீட்டினால் மானம் போகும். நீட்டாவிட்டால் பத்தே நிமிடத்தில் எல்லாம் முடிந்துபோகும்.

கடைசியில் டிரைவரிடம் போய்க் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தம்பி, வண்டி ஸ்டார்ட் ஆகலன்னு ஒரு வார்த்தை சொல்லிடேன். உனக்குப் புண்ணியமாப் போகும்."

டிரைவர் தலையைச் சொறிந்தான்.

"பொய் எதுக்குங்க, நெசமாவே ஸ்டார்ட் ஆகாது. விசில்காரரும் அந்தம்மாவும் தனித்தனியா வந்து இதையேதான் கேட்டாங்க. மூணாவது ஆளு வாயே தொறக்கல, சாவிய உருவிக்கிட்டுப் போயிட்டாரு."