நாற்காலிச் சூடு

ஒரு பக்கம் சுட வேண்டும், மறுபக்கம் குளிர வேண்டும். அப்போதுதான் மின்சாரம் வரும். இந்தச் சின்ன உண்மையை ஓர் அரசாங்க ஆய்வுக்கூடத்துக்குப் புரியவைக்க முயன்ற பெண்மணியின் வரலாறு இது.

அவரை எல்லோரும் 'முலாம் மேடம்' என்றே அழைத்தார்கள். கண்ணாடித் தொட்டியில் அமிலம். அதில் கரைத்த பிஸ்மத், டெல்லூரியம் என்ற இரண்டு சரக்குகள். உள்ளே தொங்கும் ஒரு தகடு. துளி மின்சாரம் விட்டால் தகட்டின் மேல் முலாம் பூசியது போலக் கறுப்பாகப் படலம் படியும். அவசரப்பட்டால் கரியாக உதிர்ந்துவிடும். கைக்குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்து, ஒருவழியாக உதிராத படலம் ஒன்றை வளர்த்துவிட்டார். ஒரு பக்கம் சூடும் மறுபக்கம் குளிர்ச்சியும் பட்டால் அந்தப் படலமே மின்சாரம் தரும். அதைக் கொண்டு ஒரு குட்டி விளக்கை எரியவைப்பதுதான் பாக்கி.

தலைமையகத்திலிருந்து மேலதிகாரி பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. விளக்கு எரிந்தால் ஆய்வு தொடரும். எரியாவிட்டால் அறை, உடைந்த மேஜைகளின் நிரந்தர உபயோகத்துக்கு ஒப்படைக்கப்படும். மேஜைகள் இப்போதே வாசலில் வந்து காத்திருந்தன.

முலாம் மேடம் நிர்வாக அதிகாரியிடம் ஓடினார். அவர் காலையில் நாற்காலியில் அமர்ந்தால் சாயங்காலம் வீட்டுக்குப் போகத்தான் எழுவார்.

"சார், ஒரு கெட்டில் வெந்நீர் வேணும்."

"ஆய்வுக்கூடத்துல சூடான பொருள் கூடாதும்மா. பாதுகாப்பு விதி."

"சரி, கொஞ்சம் ஐஸ் கட்டியாவது குடுங்க."

"ஐஸ் உருகும். தரை ஈரமாகும். யாராவது வழுக்கி விழுந்தா நான்தானே பதில் சொல்லணும்?"

"அப்ப விளக்கு எப்படி சார் எரியும்?"

அதிகாரி கண்ணை மூடி யோசித்தார். "ஒரு பக்கம் சூடு, ஒரு பக்கம் குளிர்ச்சின்னு எதுக்கும்மா இந்தப் பாரபட்சம்? ரெண்டு பக்கத்தையும் ஒரே மாதிரி நடத்திப் பாருங்களேன்."

"ரெண்டும் ஒண்ணா இருந்தா கரண்ட் வராது சார்."

"கரண்ட்தான் வேணும்னா சுவத்துல பிளக் இருக்கே."

முலாம் மேடத்துக்கு அழுகையே வந்துவிட்டது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கவில்லையே என்று புலம்பிக்கொண்டே போனார்.

மேலதிகாரி வந்த அன்று ஆய்வுக்கூட வாசலை மேஜைகள் அடைத்திருந்ததால், நிர்வாக அதிகாரியின் அறையிலேயே சோதனை ஏற்பாடானது. முலாம் மேடம் விளக்கோடு இணைத்த தகட்டை உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றிப் பார்த்தார். பயத்தில் கையே ஜில்லிட்டுப் போயிருந்தது. விளக்கு எரியவில்லை.

மேலதிகாரி உள்ளே நுழைந்தார். நிர்வாக அதிகாரி எழுந்து நின்றார். அலுவலக நேரத்தில் அவர் நின்று பார்த்தவர்கள் அதுவரை யாரும் இல்லை. வணக்கம் சொல்வதற்காக முலாம் மேடம் கையிலிருந்த தகட்டைக் காலியான நாற்காலியில் வைத்தார். மேலே மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது.

விளக்கு எரிந்தது.

"இந்தச் சூடு எங்கேர்ந்து வருது?" என்றார் மேலதிகாரி.

"சார் உட்கார்ந்த சூடு சார்," என்று உண்மையைச் சொன்னார் முலாம் மேடம்.

நிர்வாக அதிகாரி அடக்கமாகத் தலைகுனிந்தார். "எல்லாம் பல வருஷ உழைப்பு சார்."

உத்தரவு உடனே வந்தது. அனைத்து நாற்காலிகளிலும் தகடு பொருத்தப்பட வேண்டியது. அலுவலர்கள் எழுந்து நிற்பது இனி பொது மின்வளத்தை விரயமாக்கும் செயலாகக் கருதப்படும். மனு கொடுக்க வந்தவர்களிடம், "உற்பத்தி நடக்குதுங்க, அப்புறம் வாங்க" என்று சொன்னார்கள். வந்தவர்களும் தொந்தரவு செய்யாமல் திரும்பினார்கள்.

முலாம் மேடத்துக்குப் பதவி உயர்வும் மெத்தை நாற்காலியும் கிடைத்தன.

"தொட்டிகிட்ட நின்னு வேலை பாக்கணும் சார்," என்றார் நிர்வாக அதிகாரியிடம்.

"நின்னா விளக்கு அணைஞ்சிடுமேம்மா."

முதலில் மனசு அடித்துக்கொண்டது. ஆனால் மெத்தை நல்ல மெத்தை. தொட்டியில் அமிலம் வற்றிப்போனது. மேஜைகளும் ஒவ்வொன்றாக அறைக்குள் குடியேறின.

ஒரு நாள் பக்கத்து அறை ரசாயனக்காரர் பதைப்போடு வந்தார். "மேடம், கரைசலைச் சூடுபண்ண ஒரு சின்ன அடுப்பு வேணும். இல்லேன்னா என் ஆய்வையே மூடிடுவாங்க."

முலாம் மேடம் அசையவில்லை. "சூடான பொருள் கூடாதே தம்பி," என்றார் கனிவாக. அவர் நாற்காலிக்கடியில் விளக்கு பிரகாசமாக எரிந்தது.

ரசாயனக்காரர் குனிந்து அந்த வெளிச்சத்தைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அப்ப எனக்கும் ஒரு நாற்காலி கிடைக்குமா மேடம்?"