அப்லாராவின் அரை ஸ்பானிஷ்

நீலகிரி மலையில் ஸ்பானிஷ் மொழியில் ஏங்க மட்டும் தெரிந்த ஒரே மனிதர் எங்கள் அப்லாராதான். அந்த மொழியில் அவருக்கு வணக்கம் சொல்லத் தெரியாது, நன்றி சொல்லத் தெரியாது, குடிக்கத் தண்ணீர் கேட்கத் தெரியாது. ‘நீங்கள் பேசினால் நன்றாயிருக்கும்’, ‘மழை பெய்தால் தேவலை’ என்பதையெல்லாம் பிளந்து கட்டுவார்.

குன்னூர்ப் பக்கம் ஒரு சின்னத் தேயிலை ஃபேக்டரியில் அவர் டீமேக்கர், அதாவது பச்சை இலையைத் தூளாக்கும் வேலைக்குப் பொறுப்பாளர்; நான் ஆபீஸ் கிளார்க். தேயிலை விலை அதலபாதாளத்துக்குப் போயிருந்த காலம். ரஷ்யாக்காரர்கள் கைகழுவிவிட்டார்கள், ஏலத்தில் எங்கள் மூட்டைகளைச் சீந்துவாரில்லை. எப்போது பூட்டுவாரோ என்று நாங்கள் முதலாளியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்லாரா உலகப் படத்தைப் பார்த்தார்.

“ஏனுங்க, ரஷ்யாக்காரன் போனா என்னங்க? தென்னமெரிக்காவுல பாதிக்கு மேல ஸ்பானிஷுங்க. அதைப் படிச்சுட்டா நம்ம டீ அங்க போயிருமுங்க.”

ஊட்டி காந்தலில் பழைய பேப்பர் கடையொன்றில் ஸ்பானிஷ் பாடப்புத்தகம் கிடைத்தது. முதல் பாதி வர்க்கி பிஸ்கட் மடிக்கப் போய்விட்டது. மிச்சமிருந்த பாதி, நடக்காததை நடந்தால் தேவலை என்று சொல்வதற்கான வினை வடிவத்தில் தொடங்கியது. வேறு யாராக இருந்தாலும் வேண்டாம் என்றிருப்பார்கள். இவர் படிக்க வேண்டியது பாதியாகக் குறைந்ததே என்று சந்தோஷப்பட்டார்.

இலை எடை போடும் இடத்தில் வகுப்பு நடக்கும்.

“செல்லம்மா, இங்க பாருங்க. ‘கொம்ப்ராரோன்’னா வாங்கினாங்கன்னு அர்த்தம். கடைசில இருக்கிற ‘ரோன்’ஐக் கவாத்து வெட்டிப் போடுங்க. அந்த எடத்துல ‘ரா’ துளிர்க்கும். ‘கொம்ப்ராரா’. வாங்கினா நல்லாயிருக்கும்! ஒழுங்கான வினைச்சொல் எல்லாத்துக்கும் இதே கவாத்துதானுங்க.”

இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்தவரான செல்லம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்பார்: “வெட்டுறது சரிங்க மாஸ்டர். சம்பளம் எப்பத் துளிர்க்கும்?”

‘பேசினால்’ என்பதற்கு அவர் ஓயாமல் சொன்ன சொல்தான் ‘அப்லாரா’. அதுவே அவருக்குப் பெயராக ஒட்டிக்கொண்டது.

தொழிலில் ஆள் புலி. தேயிலை எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும் என்று ஃபேக்டரிக்குள் மல்லிகைப் பூவுக்குத் தடை, பவுடருக்குத் தடை. செண்ட் அடித்துக்கொண்டு வந்த புது மாப்பிள்ளையை மார்கழிக் குளிரில் குளித்துவிட்டு வரச் சொல்லி விரட்டியவர்.

ஒருநாள், புரோக்கர் ஒருவர் சிலி நாட்டுக்காரரை அழைத்து வருவதாகச் செய்தி வந்தது. முதலாளி பட்டென்று சொல்லிவிட்டார்: “இவரு வாங்கலைன்னா பூட்டுப் போட வேண்டியதுதான்.” அதைக் கேட்டதிலிருந்து அப்லாராவுக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை.

வந்தவர் கைகுலுக்கிவிட்டுப் படபடவென்று பேசினார். அப்லாரா திருதிருவென்று விழித்தார். அதெல்லாம் வர்க்கியோடு போன பக்கங்கள்.

டீயைச் சுவை பார்க்கும் அறைக்குப் போனோம். வரிசையாகக் கோப்பைகள். சிலிக்காரர் ஸ்பூனில் எடுத்து சர்ரென்று உறிஞ்சித் துப்பினார். மறுபடியும் உறிஞ்சினார். முகம் கோணிக்கொண்டது. முதலாளி குனிந்து மோந்து பார்த்தார். வெள்ளிக்கிழமை பூஜை வாசனை.

“யாருய்யா இங்க சாம்பிராணி போட்டது?”

“நானுங்க” என்றார் அப்லாரா. “நல்லபடியா முடியோணுமேன்னு காலையில சாமி கும்பிட்டனுங்க. மேசைக்கும் ஒரு சுத்து காட்டினனுங்க. சாம்பிள் டப்பா தெறந்திருந்ததைப் பாக்கலீங்க.”

மல்லிகைக்கே நூற்று நாற்பத்து நான்கு போட்ட மனிதர்! எங்களுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

சிலிக்காரர் கிளம்பினார். அப்போதுதான் அப்லாரா வாசலை மறித்துக்கொண்டு வாயைத் திறந்தார். ‘நடக்காதா’ என்று ஏங்கும் ‘ஒஹலா’வில் ஆரம்பித்து கொம்ப்ராரா, பெபியேரா, விவியேரான் என்று கண்ணை மூடிக்கொண்டு பொழிந்தார். வந்தவர் நின்று முழுவதையும் கேட்டார். அப்லாராவின் தோளை மெல்லத் தொட்டார். பிறகு காரில் ஏறிப் போய்விட்டார்.

ஆர்டர் வரவில்லை. அந்த மாதமே ஃபேக்டரியைப் பூட்டினார்கள். பூட்டிய கேட்டுக்கு முன்னால் நின்றபடி அவரிடம் கேட்டேன்: “அன்னிக்கு அந்த ஆளுகிட்ட என்னதானுங்க சொன்னீங்க?”

“வாங்கினா நல்லாயிருக்குமுன்னேன். குடிச்சா நல்லாயிருக்குமுன்னேன். அப்புறம், இவங்கெல்லாம் பொழைச்சா நல்லாயிருக்குமுன்னேனுங்க. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதானுங்க.”

தேயிலை விலைக்காக அந்த வருஷம் எத்தனையோ பேர் மைக் பிடித்து எங்களுக்காகப் பேசினார்கள். அதில் ஒருவர் பேச்சும் நினைவில் இல்லை. எனக்கு அன்றைக்கு முழுசாகப் புரியாத அந்தப் பேச்சு மட்டும் இன்றைக்கும் நினைவில் இருக்கிறது. அந்த மனிதரை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.