மேகசினைக் கழற்றிய முதலாளி

கைத்துப்பாக்கிக்கு லைசென்ஸ் வாங்கிய பனியன் கம்பெனி முதலாளியை நீங்கள் நேரில் பார்த்ததில்லையா? கொடுத்துவைத்தவர் நீங்கள். நான் முதல் வேலை கேட்டுப் போன அன்றே பார்த்துவிட்டேன். கணியூர்ப் பக்கத்து ஊர்க்காரன் நான். எங்கள் வம்சத்தில் முதல் பட்டம் என்னுடையது, அதுவும் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங். சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, மடங்கிவிடக் கூடாதே என்று பஸ்ஸில் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீரபாண்டிக்கு வந்து சேர்ந்தால், முதலாளி மகுடேஸ்வரன் அதை உறையிலிருந்து உருவி, மேஜைமேல் விரித்து, ஃபேன் காற்றில் பறக்கிறதென்று இடுப்பிலிருந்து எதையோ எடுத்து அதன்மேல் வைத்தார். காகிதம் பறக்காமல் வைக்கிற கனம் என்று நினைத்தேன். துப்பாக்கி!

"மெக்கானிக்கலா? அப்ப இது எப்பிடி வேல செய்யுதுன்னு சொல்லு கண்ணு, பாக்கலாம்."

வாயைத் திறந்தேன்.

"நீ இரு. நான் சொல்றேன்."

அவர் சொன்னார், நான் தலையாட்டினேன், மதியச் சாப்பாட்டு மணி அடித்தது, வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர் வேலை எனக்குக் கிடைத்துவிட்டது. என்ன படித்தேன் என்று இன்றுவரை அவர் கேட்கவில்லை. என் சான்றிதழில், பல்கலைக்கழக முத்திரைக்குப் பக்கத்தில், துப்பாக்கி எண்ணெய்க் கறை மட்டும் இன்னொரு முத்திரைபோல நிலைத்துவிட்டது.

இந்த மாதிரி மனிதருக்குத் துப்பாக்கி எதற்கு? மனுவில் எழுதிக் கொடுத்த காரணம், ஆட்களுக்குச் சம்பளப் பணம் கொண்டுபோகும்போது பாதுகாப்பு வேண்டும் என்பது. அந்தக் காலத்தில் அது நியாயமாகக்கூட இருந்திருக்கலாம். இப்போது சம்பளமெல்லாம் பேங்க் வழியாகப் போகிறது; பணம் கொண்டுபோன அதே தோல் பையில் டிபன் கேரியர் போகிறது. ஆக, சர்க்கார் அனுமதி பெற்ற அந்த ஆயுதம் தினந்தோறும் காவல் காப்பது அரிசிம்பருப்புச் சோற்றை.

இவரைக் கண்டுபிடிப்பது சுலபம். கல்யாண மண்டபத்தில் எல்லாரும் மொய் எழுதும் இடத்தில் நிற்க, இவர் மட்டும் நாலு பேர் பார்க்கிற இடமாகத் தேர்ந்தெடுத்துக் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்வார். சட்டை மேலே ஏறும். ஏறவேண்டும் என்பதற்காகத்தான் குனிந்தது. காரில் ஏறும்போது "இது ஒண்ணு, இடுப்புல குத்திட்டே இருக்குது" என்று சலித்துக்கொள்வார். தேர்தல் அறிவித்தால், லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும் அல்லவா? அந்த நாட்களில் மனிதர் இளைத்துப்போவார். வெறும் இடுப்பைத் தடவிக்கொண்டே, கேட்காதவர்களிடமெல்லாம், "நம்மளது ஸ்டேஷன்ல இருக்குதுங்க" என்பார், ஏதோ மகள் புகுந்த வீட்டைச் சொல்வதுபோல.

அவர் எதையாவது சுட்டதுண்டா? அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் கம்பெனியில் நிலைத்ததில்லை.

அவருக்குத் தெரிந்தது சுடுவதல்ல, சொல்வது. சொல்வதற்கும் ஆள் வேண்டுமே? பனியன் வாங்க வருகிற காதர்பேட்டை வியாபாரிகள் விவரமானவர்கள். இவர் கை இடுப்புக்குப் போவதைப் பார்த்ததும் "ஒரு டீ சாப்பிட்டு வந்துர்றனுங்க" என்று எழுந்தவர்கள் அடுத்த சீசனுக்குத்தான் வருவார்கள். சொந்தக்காரர்களுக்கு அவசர வேலை வந்துவிடும். மிச்சம் யார்? வேலை கேட்டு வந்தவன், லீவு கேட்டு வந்தவள், தப்பு செய்துவிட்டு நிற்பவன். எழுந்து போக முடியாதவர்கள். ஏனென்றால் அவர்களை உட்காரவே சொல்வதில்லை. முதலாளி நாற்காலியில், துப்பாக்கி கையில், அதன் வாய் எதிரில் நிற்பவரின் நெஞ்சுக்கு நேராக. அவர் எதையும் குறிபார்ப்பதில்லை. சில பேர் பேனாவை ஆட்டிப் பேசுவார்களே, அதுபோல.

அப்படி என்னதான் அந்தப் பாடம்? நான் சொல்லிவிடுகிறேன், நீங்களாவது தப்பித்துக்கொள்ளுங்கள். துப்பாக்கிக்குள் ஒரு சிறு சுத்தியல் பின்னால் மடங்கி நிற்கிறது. ஒரு கொக்கி அதைப் பிடித்து வைத்திருக்கிறது. விசையை இழுத்தால் உள்ளே ஒரு பட்டை நகர்ந்து கொக்கியைத் தட்டிவிடும். சுத்தியல் பாய்ந்து ஒரு ஊசியை அடிக்கும். ஊசி தோட்டாவின் அடிப்பாகத்தைக் குத்தும். மருந்து வெடித்துக் குண்டு போய்விடும். வெடித்த வேகத்திலேயே மேல்மூடி பின்னால் ஓடி, காலிக் கூட்டைத் துப்பி, சுத்தியலை மறுபடி மடக்கி, திரும்பும்போது கீழே மேகசின் என்கிற டப்பாவிலிருந்து அடுத்த தோட்டாவைக் குழலுக்குள் தள்ளிவிடும். விரலை எடுக்காமல் அமுக்கிக்கொண்டே இருந்தாலும் இரண்டாவது குண்டு வராது. பட்டைக்கும் கொக்கிக்கும் தொடர்பு அறுந்திருக்கும். விரலை விட்டு மறுபடி இழுத்தால்தான் சேரும். பட்டன் தைக்கிற மெஷினைப் பார்த்திருக்கிறீர்களா? பெடலில் காலை வைத்தபடியே இருந்தாலும் ஒரு பட்டனோடு நின்றுவிடும். அவ்வளவேதான்.

எனக்கு ஒரு பத்தி போதுமாயிருந்தது. அவருக்கு ஒரு மதியம் வேண்டும்.

பாடம் எப்போதும் ஒரு சடங்கோடு தொடங்கும். மேகசினை உருவுவார். மேஜையில் டொக்கென்று வைப்பார். "கழட்டியாச்சு. இனி இது வெறும் இரும்பு" என்பார். பக்கத்தில் மேனேஜர் தங்கதுரை "ஆமாங்க" என்பார். கம்பெனியில் அவருக்கு வேறு வேலை இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. துப்பாக்கி எந்நாளும் குழலில் தோட்டா இல்லாமலே இருந்ததால், எந்நாளும் அது வெறும் இரும்பாகத்தான் இருந்தது. அதை அவர் தன் திறமை என்று எடுத்துக்கொண்டார்.

ஆயுத பூஜை வந்தது. தையல் மெஷின், கட்டிங் மெஷின், அயர்ன் பாக்ஸ், வாட்ச்மேனின் தடி வரைக்கும் சந்தனம் குங்குமம் வைத்து வரிசையாகக் கும்பிட்டோம். வரிசையின் நடுவே வாழையிலையில் துப்பாக்கி. "காலியா வெச்சுக் கும்புடறதுக்கு அது என்ன சொம்பா? முழுசா வெச்சாத்தான் ஆயுதம்" என்று மேகசினை நிறைத்துச் செருகி, மேல்மூடியைச் சரக்கென்று இழுத்துவிட்டார் முதலாளி. எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பொரி கொடுத்தார்கள். அந்தச் சரக் சத்தத்தில் ஒரு தோட்டா குழலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டதைச் சாமி பார்த்திருக்கும். நானும் பார்த்தேன்.

பூஜை விடுமுறை முடிந்து கம்பெனி திறந்த அன்று மதியம் மாரிச்செல்வம் முதலாளி அறைக்கு வந்தான். சங்கரன்கோவில் பக்கத்துக்காரன், கட்டிங் செக்‌ஷனில் வேலை. மனைவி நாகஜோதி பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். முதல் பிள்ளை பிறந்தபோதே தங்கவில்லை. அன்று இவன் இங்கே ஷிப்மெண்ட் என்று நிறுத்திவைக்கப்பட்டிருந்தான், அவள் தனியாக அழுதாள். இந்த முறை பக்கத்தில் இருப்பேன் என்று அவளுக்குச் சொல்லியிருந்தான். வலி எடுத்தால் அனுப்புகிறேன் என்று முதலாளி இவனுக்குச் சொல்லியிருந்தார். முதலாளி வாயால் சொல்லாமல் வேலை நேரத்தில் வாட்ச்மேன் கேட்டைத் திறக்கமாட்டார். சொல்லாமல் போனவனுக்குத் திரும்பி வர இடமிருக்காது. ஊருக்கு நேராகப் போகிற பஸ் இன்னும் கொஞ்ச நேரத்தில் கிளம்பிவிடும்.

நான் அலமாரியில் சாம்பிள் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"மொதலாளி, வீட்டுக்காரிக்கு வலி எடுத்துட்டாம். ஆஸ்பத்திரில சேத்துட்டாவ. நீங்க அனுப்புதேன்னு சொல்லியிருந்தீய..."

"போலாம், போலாம். ஆரு வேண்டாங்கறது? பஸ்ஸு எங்க ஓடியா போயிரப்போகுது?"

ஓடித்தான் போகும். அதற்காகத்தான் அது பஸ்.

"இங்க வாப்பா மாரி. பூச போட்ட துப்பாக்கி. தொட்டுக் கும்புட்டுக்க."

அவசரமாகத் தொட்டுக் கும்பிட்டான். அதைப் பக்தி என்று முதலாளி எடுத்துக்கொண்டார்.

"இதுக்குள்ள என்ன நடக்குதுன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியாது மொதலாளி. பஸ்ஸுக்கு..."

"தெரியலீல்ல? அப்பக் கேட்டுக்க. பையன் பொறந்தா சொல்லிக் குடுக்கோணுமல்ல?"

மேகசின் உருவப்பட்டது. மேஜையில் டொக்கென்று விழுந்தது. "கழட்டியாச்சு. இனி இது வெறும் இரும்பு."

"ஆமாங்க" என்றார் தங்கதுரை.

நான் அடுக்குவதை விட்டுத் திரும்பினேன். "சார், குழல்ல ஒண்ணு இருக்குமுங்க. பூசையன்னைக்கு மூடிய இழுத்து விட்டீங்களே. மறுக்கா இழுத்து, உள்ள பாத்துட்டு..."

முதலாளி என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, படித்தவனைப் பார்த்துப் பணம் சிரிக்கிற சிரிப்பு அது. "டப்பாவே வெளிய கெடக்குது. தோட்டா எங்கிருந்து கண்ணு வரும், அரிசி மூட்டையிலிருந்தா? நீ படிச்சது புஸ்தகம். நான் படிச்சது கை."

"டிகிரி வாங்குனா ட்ரிகர் தெரிஞ்சுருமாக்கு?" என்றார் தங்கதுரை.

இருவரும் குலுங்கினார்கள். பாடம் நடந்தது. கொக்கி வந்தது, சுத்தியல் வந்தது, "இது சேப்டி, இப்பிடித் தள்ளுனா ரெடி" என்று ஒரு பொத்தானும் கீழே போனது. மாரிச்செல்வத்தின் பாக்கெட்டில் போன் அதிர்ந்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது.

"போன அமுத்து. சொல்லிக் குடுக்கறப்ப என்ன போனு?"

அந்தக் கம்பெனியில் சேர்ந்த நாளிலிருந்து மாரிச்செல்வம் முதலாளி பேச்சைத் தட்டியதில்லை. அன்று தட்டினான். போனை எடுத்துக் காதில் வைத்து, சிக்னலுக்காக ஜன்னல் பக்கம் போனான். "அத்த, சொல்லுங்க அத்த..."

அவன் கேட்கவில்லையென்றாலும் பாடம் நிற்குமா? "இப்பப் பாருங்க, ட்ரிகர அமுத்துனா டிக்குன்னு ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான்" என்று விசையை இழுத்தார்.

டிக் வரவில்லை.

காது அடைத்துக்கொண்டது. புகை வாசம். அலமாரியில் நான் அடுக்கிய சாம்பிள்கள், ஏற்றுமதிக்கான பச்சைக் குழந்தைகளின் பனியன்கள், மேலடுக்கு முழுவதும் சரிந்து விழுந்தன. பிறகு நான்தான் அவற்றைப் பிரித்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் ஓட்டை. அந்த அடுக்கு மாரிச்செல்வத்தின் நெஞ்சு உயரம். சற்றுமுன் அதற்கு முன்னால்தான் அவன் நின்றிருந்தான்.

முதலாளியின் முதல் வார்த்தை என்னவாக இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? "அடி பட்டுதா?" என்றா? நல்ல மனசு உங்களுக்கு.

"ஆரு இதுல தோட்டா போட்டது?" என்று எங்களையெல்லாம் முறைத்தார்.

"ஆமாங்க, ஆருன்னே தெரியலீங்க" என்றார் தங்கதுரை.

போனுக்குள்ளிருந்து மாமியாரின் குரல் எங்கள் எல்லாருக்கும் கேட்டது. "மாப்ள! மாப்ள! அங்க என்ன சத்தம்?"

மாரிச்செல்வம் அலமாரியைப் பார்த்தான். துப்பாக்கியைப் பார்த்தான். முதலாளியைப் பார்த்தபடியே போனில் சொன்னான்:

"ஒண்ணுமில்ல அத்த. மொதலாளி லீவு குடுத்துட்டாவ. கெளம்பிட்டேன்னு அவட்டச் சொல்லுங்க."

அவன் கதவைத் திறந்து நடந்தான். வெடிச் சத்தம் கேட்டிருந்த வாட்ச்மேன், ஒன்றும் கேட்காமல் கேட்டைத் திறந்துவிட்டார்.

சிரிக்காதீர்கள். உங்கள் இடுப்பில் ஒன்றுமில்லைதான். ஆனால் வேலைக்காரம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு வாசலில் தவிக்கும்போது, சர்க்கரையைக் குறைத்த கதையை முதலிலிருந்து தொடங்கினீர்களே, அது என்ன? பெட்டி கொண்டுவந்து கொடுத்த பையனை வெயிலில் நிறுத்தி, புதுக் காரின் கியர் எப்படித் தானாக மாறுகிறது என்று விளக்கினீர்களே? உங்கள் பேச்சு நன்றாக இருப்பதால்தான் அவர்கள் நின்றார்கள் என்று நினைக்கிறீர்களா? எதிரில் இருப்பவர் எழுந்து போகக்கூடியவரா என்று ஒருமுறை பார்த்துவிட்டு வாயைத் திறங்கள். இல்லையென்றால் உங்களுடையதும் வெறும் இரும்பில்லை.

மாரிச்செல்வம் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தான், பெண் குழந்தை. இப்போது காதர்பேட்டைப் பக்கம் வேறொரு கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். துப்பாக்கி ஸ்டேஷனில் இருக்கிறது; வெடித்த விஷயம் போலீஸ்வரை போய், லைசென்ஸ் ரத்தாகிவிட்டது. நானும் வேறு இடம் பார்த்துக்கொண்டேன். மகுடேஸ்வரன் அதே அறையில், அதே நாற்காலியில், பனியனுக்கு விலைச்சீட்டு மாட்டும் டேக் கன்னைக் கையில் பிடித்துக்கொண்டு, லீவு கேட்டு வந்த யாரையாவது நிறுத்திவைத்து, "ஒருக்கா அமுத்துனா ஒண்ணுதான் வரும், ஏன்னு சொல்லு கண்ணு, பாக்கலாம்" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.