எழுத்து அட்டவணையும் அசனச் சோறும்

கம்ப்யூட்டர் தெரிந்தவனைக் கோயில் வேலையில் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் ஊரில் நான்தான் உதாரணம்.

அப்போது கோவைக் கம்பெனி ஒன்றுக்காக, கேரள எல்லைக்குள் இருக்கும் எங்கள் வண்டன்மேட்டில் வீட்டிலிருந்தே வேலை பார்த்தேன். எழுத்துக் குவியலில் வேண்டிய வடிவத்தைத் தேடித் தரும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் மென்பொருள் நூலகத்துக்கு வட்டார அட்டவணை தயாரிக்கும் வேலை. இந்தப் பகுதியில் எது எழுத்து, எது இலக்கம், எது வெறும் குறி என்று அந்த அட்டவணைதான் சொல்லும். அதில் இல்லாததை நூலகம் எழுத்தாகவே மதிக்காது. (வில்லேஜ் ஆபீஸ் மாதிரிதான்.)

அந்தச் சமயம் மாதா கோயில் திருவிழா வந்தது. கடைசி நாள் அசனம், ஊரே சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும் விருந்து. வருகிறவர்கள் பெயரையும் எத்தனை பேர் என்பதையும் வாட்ஸாப்பில் அனுப்புவார்கள். கூட்டிச் சமையலுக்குச் சொல்ல வேண்டும். நான் செய்கிறேன் என்று முந்திரிக்கொட்டையாகப் போய் நின்றேன். காரணம் இருந்தது. போடியிலிருந்து ரெஜினாவின் அப்பா அன்றைக்கு மாப்பிள்ளை பார்க்க வருகிறார். மாப்பிள்ளை நான். ரெஜினாவை எனக்கு ரொம்பவே பிடித்திருந்தது. அவருக்கு என்னைப் பிடிக்க வேண்டும்.

குரூப்பில் ரோஜாப்பூவும் கும்பிடும் கையும் கொட்டும். அதனால் எழுத்தே இல்லாத செய்தியைக் குப்பையில் போடு என்று புரோகிராம் எழுதி, கையிலிருந்த கேரள அட்டவணையை அதில் மாட்டினேன். ஆங்கிலம் இருந்தது. மலையாளம் இருந்தது. தமிழ் இல்லை. படித்த பள்ளிக்கூடம் மலையாளம், ரேஷன் கார்டு மலையாளம். கேரளம் என்றதும் கை அதோடு நின்றுவிட்டது. இத்தனைக்கும் அட்டவணை போடும்போது நான் முணுமுணுத்ததெல்லாம் தமிழில்தான்.

கணக்கைப் பார்த்த கப்பியார் (கோயில் காரியங்களைப் பார்ப்பவர்), போன வருடத்தில் பாதிகூட இல்லையே என்று இழுத்தார். மழைக்குப் பயந்திருப்பார்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

இரண்டாம் பந்தியில் சோறு தீர்ந்தது. எஸ்டேட் லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகள்) சனம் முக்கால்வாசி தமிழில்தான் பெயர் அனுப்பியிருந்தது; எல்லாம் ரோஜாப்பூக்களோடு குப்பையில் கிடந்தது. வெறும் இலைக்கு முன்னால் ரெஜினாவின் அப்பா உட்கார்ந்திருந்தார். அவரும் தமிழில்தான் அனுப்பியிருந்தார். நான் பக்கத்தில் குனிந்து அட்டவணையைப் பற்றி முழுவதும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப நாங்க எழுதுனது எழுத்தே இல்லங்கிறீக, தம்பி?"

"அட்டவணைப்படி இல்ல மாமா."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்பது உறைத்தது. அப்படியே மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது. அதற்குள் கமிட்டிக்காரர்கள் ஜீப்பை எடுத்துக்கொண்டு போய்க் கடை கடையாகப் பரோட்டா வாங்கி வந்தார்கள். அவர் சாப்பிட்டுக் கை கழுவினார். கிளம்பும்போது என் அம்மாவிடம், "பயலுக்குப் பொய் சொல்லத் தெரியலம்மா. பிள்ளையக் குடுக்கலாம்" என்றாராம்.

கல்யாணம் ஆகிவிட்டது. மாமனாருக்கு இன்றுவரை மலையாளம் தெரியாது. ஆனால் எங்கள் வீட்டுக்குக் கிளம்பும் ஒவ்வொரு முறையும் போடியிலிருந்து போன் செய்து, அதற்கென்றே கற்றுக்கொண்ட ஒரே மலையாளக் கேள்வியைக் கேட்கிறார்:

"சோறுண்டோ?"